ரேடியோல தினமும் நம்ம வீட்டுக் கதைதான் ஓடுது... செட்டில்மென்ட்ல கையெழுத்து போடலாமா, காத்திருக்கலாமா?

மண்வாசனை77
14 ஆகஸ்ட் 2012, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, இன்னிக்குதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நாங்க நியூசிலாந்துல கிரைஸ்ட்சர்ச்ல ரிச்மண்ட் பக்கம் இருக்கோம். 2008ல வாங்கின வீடு, 2010 செப்டம்பர்லேருந்து வந்த பூகம்பங்கள்ல அடிபட்டது. பழைய மரவீடு, சுத்தி கான்கிரீட் ரிங் ஃபவுண்டேஷன், உள்ள பைல் (குட்டையான தூண்) மேல தரை. ரெண்டு தெரு தள்ளி ஏவன் ஆத்துப் பக்கம் முழுசும் ரெட் ஸோன், அதாவது மண்ணு மோசம், அங்க வீட்டை ரிப்பேர் பண்ணிப் பிரயோஜனம் இல்லன்னு அரசாங்கம் குறிச்ச இடம். நாங்க முதல்ல ஆரஞ்சு (இன்னும் முடிவாகல), அப்புறம் பச்சை (இருக்கலாம்)ன்னாங்க. பச்சைன்னு கேட்ட அன்னிக்கு வீட்ல பாயசம் வச்சோம். கொஞ்ச நாள்ல பச்சைக்குள்ளயே மூணு வகை இருக்குன்னு சொல்லி நம்மள டிசி3ல போட்டாங்க. அதாவது இருக்கலாம், ஆனா அடுத்த தடவை ஆடினா மண்ணு மறுபடி கலங்கலாம், தனியா துளை போட்டுப் பார்த்துதான் அஸ்திவாரம் முடிவு பண்ணணும்னு. இப்படி 28,000 வீடு இருக்குங்கறாங்க. நாம அதுல ஒண்ணு.

இன்னிக்கு ஏன் எழுதறேன்னா, சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்றப்ப கார்ல ரேடியோ நியூசிலாந்துல செக்பாயிண்ட் ஓடிட்டிருந்துச்சு. கிழக்குப் பக்கம் வீடு இருக்கிற ஒரு அம்மா பேசினாங்க. ரெண்டு வருஷத்துல எத்தனை அசெஸர் (சேதத்தை மதிப்பிட வர்றவங்க) வந்தாங்கன்னு கேக்கறாங்க, அவங்களால எண்ணிச் சொல்ல முடியல. ஒருத்தர் ரிப்பேர்னாராம், இன்னொருத்தர் இடிச்சுக் கட்டணும்னாராம், மூணாவது ஆளு இது ரெண்டும் எங்க முடிவு இல்ல, மண்ணு ரிப்போர்ட் வரட்டும்னாராம். நான் வீட்டு வாசல்ல காரை நிறுத்திட்டு இறங்கவே இல்ல, பேட்டி முடியற வரைக்கும் உள்ளயே உக்காந்திருந்தேன். அவங்க குரல் உடையல, அழல, சும்மா மளிகை லிஸ்ட் படிக்கிற மாதிரி சொல்லிட்டே போனாங்க, அதுதான் என்னமோ பண்ணிடுச்சு.

2011 பிப்ரவரி 22 அன்னிக்கும் இதே இடத்துல இதே காருக்குள்ளதான் உக்காந்திருந்தோம். மதியம் 12:51. கரண்ட் போயிடுச்சு, போன் போகல, பின் சீட்ல ரெண்டு பசங்க, முன்னாடி டிரைவ்வேல சாம்பல் கலர்ல சேறு தரையைப் பொத்துக்கிட்டு குமிழ் குமிழா வருது, ரேடியோ மட்டும்தான் பேசிட்டிருந்துச்சு. அப்ப அந்தக் குரல்தான் தைரியமே. இப்ப அதே ரேடியோவை என் மனைவி காலைல மார்னிங் ரிப்போர்ட் ஆரம்பிச்சதும் ஆஃப் பண்ணிடறா. "இன்னும் எத்தனை நாளைக்கு இதையே கேக்கணும்"ங்கறா. தப்பு சொல்ல முடியல.

சரி விஷயத்துக்கு வர்றேன். எங்க வீட்டுக்கு முதல்ல வந்த அசெஸர் இருபது நிமிஷம் இருந்தாரு, தரைக்கு அடியில குனிஞ்சுகூட பார்க்கல, 68,000 டாலர் ரிப்பேர்னு ஸ்கோப் (வேலைப் பட்டியல்) எழுதிட்டுப் போனாரு. அப்புறம் 2011 ஜூன் 13 ஆட்டம், டிசம்பர் 23 ஆட்டம். அதுக்கப்புறம் வந்தவரு ஓவர் கேப்னு, அதாவது ஈக்யூசிங்கற அரசாங்கப் பூகம்பக் காப்பீட்டோட உச்சவரம்பைத் தாண்டிடுச்சுன்னு சொல்லிட்டாரு, ஃபைல் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போச்சு (கம்பெனி பேரு வேண்டாம்). அவங்க இப்ப எல்லாம் சேர்த்து 190,000 டாலர் ரொக்கமா தர்றோம், ஃபுல் அண்ட் ஃபைனல் (இதோட முடிஞ்சுது, அப்புறம் எதுவும் கேக்க முடியாது)னு ரெண்டு பக்க லெட்டர் அனுப்பியிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லுங்கன்னு போன்ல சொன்னாங்க, லெட்டர்ல அந்தத் தேதி எதுவும் இல்ல.

ஹால்ல ஒரு கோலிகுண்டை வச்சா தானா உருண்டு போயி கிச்சன் மூலைல நிக்குது, எங்க வச்சாலும் அதே மூலைதான். படுக்கையறைக் கதவு ராத்திரி தானா திறக்குது. ஜன்னல் ஓரத்துல துண்டை சுருட்டி அடைச்சிருக்கோம், இல்லன்னா இந்தக் குளிருக்கு ஹீட் பம்ப் போட்டும் பிரயோஜனம் இல்ல. பெரியவனுக்கு ஒன்பது வயசு, இன்னமும் ஷூவை கட்டில் பக்கத்துல வச்சுட்டுதான் தூங்கறான்.

மனைவி கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா இருக்கலாங்கறா. எனக்கு பயமா இருக்கு, பணத்தை வாங்கிட்டு அஸ்திவாரத்தைத் தோண்டினா அதுக்கே எல்லாம் போயிடுச்சுன்னா யாரைப் போய்க் கேக்கறது? உங்கள்ல யாராவது இந்த நிலைமையைத் தாண்டி வந்திருந்தா சொல்லுங்க.

---

செங்கல்சிமெண்ட்
14 ஆகஸ்ட் 2012, இரவு 11:15

சார், முதல்ல ஒண்ணு. போன்ல சொன்ன தேதியை விடுங்க. கெடு இருந்தா லெட்டர்ல எழுதியிருக்கணும். "எந்தத் தேதிக்குள்ள, பாலிசில எந்த ஷரத்துப்படி"ன்னு ஈமெயில்ல கேளுங்க, எதைக் கேட்டாலும் இனிமே ஈமெயில்லதான். போன்ல பேசினா முடிஞ்ச கையோட "இன்னிக்கு நீங்க சொன்னது இது"ன்னு நாலு வரி அனுப்பிடுங்க.

நான் ரிப்பேர் வேலைகள்ல ஸ்ட்ரக்சர் பக்கம் இருக்கேன், ஒன்றரை வருஷமா தரைக்கு அடியில தவழ்றதுதான் வேலை. அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், உங்க வீட்டைப் பார்க்காம முடிவு சொல்ல மாட்டேன்.

கோலிகுண்டு உருளுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு ஒரு நம்பர் வேணும். அரசாங்க வழிகாட்டுதல்ல இருக்கிற கணக்கு இது: வீடு முழுக்க தரையோட உயரமான இடத்துக்கும் தாழ்வான இடத்துக்கும் வித்தியாசம் 50 மில்லிமீட்டருக்குள்ள இருந்து, எந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுலயும் (ரெண்டு மீட்டராவது இடைவெளி இருக்கணும்) சரிவு 200க்கு 1ஐத் தாண்டலன்னா பொதுவா லெவல் பண்ணத் தேவையில்ல. அதைத் தாண்டினா தூக்கி லெவல் பண்ணணும். உங்களோட மாதிரி பைல் வீட்ல 100 மில்லிமீட்டரையும் தாண்டினா அஸ்திவாரத்தையே புதுசா போடற பேச்சு வரும். 80க்கும் 110க்கும் நடுவுல பணத்துல எவ்வளவு வித்தியாசம் வரும்னு நினைக்கிறீங்க? அது தெரியாம 190,000 ஜாஸ்தியா கம்மியான்னு யாராலயும் சொல்ல முடியாது. அவங்க எஞ்சினியர் எடுத்த லெவல் சர்வே இருக்கும், ஒரு பிளான்ல புள்ளி புள்ளியா நம்பர் போட்டிருப்பாங்க. காப்பி கேளுங்க. அதோட தனியா ஒரு ஆளை வச்சு நீங்களும் ஒண்ணு எடுத்துடுங்க, செலவானாலும் பரவால்ல.

ரெண்டாவது, இதுதான் ரேடியோல யாரும் பொறுமையா விளக்கறதில்ல, ஏன் இவ்வளவு லேட் ஆகுதுன்னா அப்போர்ஷன்மென்ட்ங்கற பங்கு பிரிக்கிற வேலை. இந்தப் பூகம்பங்களுக்கு ஈக்யூசி ஒரு வீட்டுக்கு 100,000 டாலர் (அதுக்கு மேல ஜிஎஸ்டி) வரைக்கும் கொடுக்கும், அதுக்கு மேல உள்ளது உங்க கம்பெனி. ஆனா அந்த 100,000 ஒட்டுமொத்தமா இல்ல, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனி. போன வருஷம் செப்டம்பர்ல ஹைகோர்ட் அதைத் தெளிவா சொல்லிடுச்சு.

உதாரணத்துக்கு உங்க வீட்ல மொத்த சேதம் 180,000ன்னு வைங்க, ஜிஎஸ்டியை விட்டுடுவோம். எல்லாம் பிப்ரவரில நடந்ததுன்னா ஈக்யூசி 100,000, கம்பெனி 80,000. அதே சேதத்துல 80,000 செப்டம்பர் 2010லயும் 100,000 பிப்ரவரிலயும் நடந்ததுன்னா மொத்தத்தையும் ஈக்யூசி கொடுக்கணும், கம்பெனிக்கு சல்லிக்காசு செலவில்ல. விரிசல் ஒண்ணுதான், அது எந்த மாசத்து விரிசல்னு ரெண்டு பேரும் பேசிட்டிருப்பாங்க. நாலரை லட்சத்துக்கும் மேல கிளெய்ம் இருக்கு, அதுல ஒரு வீட்டுக்கே மூணு நாலு. அதனால உங்க 190,000ல எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு, ஈக்யூசி பங்கு எவ்வளவு, கம்பெனி பங்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுதிக் கேளுங்க. செப்டம்பர் 2010க்கு அப்புறமே எடுத்த போட்டோ இருந்தா தேதியோட தேடி எடுத்து வைங்க, அது தங்கம்.

மூணாவது, மண்ணு. டிசி3ல துளை போடாம அஸ்திவாரச் செலவு சொல்றது கண்ணைக் கட்டிட்டு எடை போடற மாதிரி. கூம்பு மாதிரி ஒரு கம்பியை மண்ணுக்குள்ள அழுத்திக்கிட்டே போவாங்க, எந்த ஆழத்துல மண்ணு எவ்வளவு எதிர்க்குதுன்னு கிராஃப் வரும், அதுதான் சிபிடி டெஸ்ட். ஈக்யூசியே இப்ப தெருத்தெருவா இந்த டெஸ்ட் எடுத்துட்டிருக்காங்க. உங்க தெருவுக்கு வந்தாச்சான்னு கேளுங்க. டிசி3 அஸ்திவாரத்துக்கான வழிகாட்டுதலே இந்த ஏப்ரல்லதான் வந்துச்சு, அதுவும் இடைக்காலம்னு போட்டு. அதுக்கு முன்னாடி போட்ட எஸ்டிமேட்டை வச்சு அந்த லெட்டர் எழுதியிருந்தா அது பழைய கணக்கு.

---

வன்னிமகள்
15 ஆகஸ்ட் 2012, காலை 6:50

அண்ணா, உங்கட பதிவை விடியப்புறம் வாசிச்சனான், பிறகு படுக்கேலாமப் போச்சு.

நாங்கள் பெக்ஸ்லியில இருந்தனாங்கள். 2011 ஜூன் 23ஆம் தேதி எங்கட தெரு சிவப்பு எண்டு ரேடியோவிலதான் கேட்டனாங்கள். நான் குசினியில நிண்டனான், அடுப்பில பருப்பு கிடந்தது, அமைச்சர் கதைச்சு முடிய முதல் பக்கத்து வீட்டு ஆச்சி வேலியடியில வந்து நிண்டு கத்தினா. அவா அங்க கல்யாணம் முடிச்சு வந்த நாளில இருந்து இருந்தவ. எங்களுக்கு அண்டைக்கு ஒரு பக்கம் நெஞ்சு இறுகினது, ஒரு பக்கம் மூச்சு விட்ட மாதிரியும் இருந்தது. பிப்ரவரியில முழங்கால் மட்டும் சேறு, மலசலகூடம் இல்லாம றோட்டில வைச்ச பெட்டிக்குப் போய் வந்தது, ஜூனில திரும்பவும் அதே சேறு. இனி அள்ளத் தேவையில்லை எண்டது ஒரு ஆறுதல்தான்.

அரசாங்கம் ரெண்டு வழி தந்தது. ஒண்டு, காணியும் வீடும் சேர்த்து 2007ஆம் ஆண்டு ரேட்டிங் வேல்யூவுக்கு (கவுன்சில் வரிக்குக் கணிச்ச பெறுமதி) அவையே வாங்குவினம், எங்கட இன்சூரன்ஸ் உரிமை அவைக்குப் போகும். மற்றது, காணியை மட்டும் அவை வாங்க, வீட்டுக்கு நாங்களே கம்பெனியோட நிண்டு பிடிச்சு எடுக்கிறது. நாங்கள் முதலாவதை எடுத்தனாங்கள். 2007க்குப் பிறகு குசினி புதுசாப் போட்டது, வேலி போட்டது ஒண்டும் கணக்கில வரேல்லை. ரெண்டாவது வழியில போன சிநேகிதி ஒராள் எங்களை விட நல்ல காசு எடுத்தவ, ஆனா அவா ஒரு வருஷம் சண்டை பிடிச்சு, உடம்பும் பழுதாப் போச்சு. எது சரி எண்டு என்னால இண்டைக்கும் சொல்லேலாது.

நான் சொல்ல வந்தது இதுதான். எங்களுக்கு வீடு போனது, ஆனா பதில் கிடைச்சது. சிவப்பு எண்டா சிவப்பு. உங்களுக்கு வீடு நிக்குது, பதில் இல்லை. பச்சைக்காரருக்கு என்ன குறை எண்டு நானும் முதல் நினைச்சனான், அது பிழை. இந்த ஒரு வருஷத்தில நான் பாத்த அளவில உங்கட ஆக்கள்தான் கூட இளைச்சுப் போயிருக்கினம். ஊரில இருந்து வெளிக்கிட்டு வந்த எங்களுக்கு வீட்டை விட்டுப் போறது புதுசில்லை. போறதா இருக்கிறதா எண்டு தெரியாமல் பையைக் கட்டி வைச்சுக்கொண்டு கிடக்கிறது எவ்வளவு கொடுமை எண்டு எங்களுக்குத் தெரியும்.

அக்காவிட்ட சொல்லுங்கோ, ரேடியோவை நிப்பாட்டுறதில பிழை இல்லை. நானும் ஆறு மாசம் நிப்பாட்டி வைச்சனான். அவா கையெழுத்துப் போடுவம் எண்டு கேக்கிறது காசுக்கு இல்லை எண்டு நினைக்கிறன், ஒரு முடிவுக்குத்தான். நீங்கள் காத்திருக்கிறதெண்டா அவாவுக்கு ஒரு திகதி சொல்லுங்கோ, இந்தத் திகதி மட்டும் பாப்பம், பிறகு முடிவெடுப்பம் எண்டு. திகதி இல்லாமல் பொறு பொறு எண்டா ஆராலயும் பொறுக்கேலாது.

உங்கட பகுதிக்கும் எர்த்குவேக் சப்போர்ட் கோஆர்டினேட்டர் எண்டு ஆக்கள் இருக்கினம், காசில்லை. எங்களுக்கு வந்தவ கடிதங்களை எல்லாம் மேசையில பரப்பி ஒவ்வொண்டா அடுக்கித் தந்தவ. அது ஒண்டே எனக்குப் பாதி வருத்தத்தை எடுத்தது. பிள்ளை சப்பாத்தைப் பக்கத்தில வைக்கிறதைத் தடுக்காதேங்கோ, என்ர மகளும் வைச்சவ, புது வீட்டுக்கு வந்து நாலு மாசத்தில தானா அலுமாரிக்குள்ள வைச்சிட்டா.

---

ரோல்ஸ்டன்ராஜா
15 ஆகஸ்ட் 2012, மதியம் 1:05

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க ப்ரோ.

செங்கல்சிமெண்ட் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா அந்த வழியில போனா எவ்வளவு நாள் ஆகும்னு அவரு சொல்லல. லெவல் சர்வேக்கு ஒரு மாசம், எஞ்சினியர் ரிப்போர்ட்டுக்கு மூணு மாசம், அதைக் கம்பெனி எஞ்சினியர் படிச்சு மறுப்பு எழுத இன்னொரு மூணு மாசம், அப்புறம் வக்கீல். இதுக்கு நடுவுல வாழ்க்கையும் ஓடணும்ல. நாங்க டிசி2 (மூணுல நடு வகை), எங்களுக்கும் ரொக்கம்தான் கொடுத்தாங்க, நான் கேட்டதைவிட 25,000 குறைவு. ரெண்டு வாரம் யோசிச்சோம், வாங்கிட்டோம், வீட்டை அப்படியே இருக்கிற நிலைமைல வித்துட்டு பக்கத்துல ரோல்ஸ்டன்ங்கற ஊருக்கு வந்துட்டோம். அந்த 25,000 போச்சுதான், நினைச்சா இன்னமும் வலிக்குது. ஆனா என் பொண்டாட்டி இங்க வந்த முதல் ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினா, பிப்ரவரிக்கு அப்புறம் அப்படி தூங்கி நான் பார்த்ததே இல்ல.

இன்னொண்ணும் யோசிங்க. இப்ப ஊருக்குள்ள புதுசா வீடு வாங்கறதே கஷ்டமா இருக்கு, புது இன்சூரன்ஸ் போட கம்பெனிங்க தயங்கறாங்க, இன்சூரன்ஸ் இல்லாம பேங்க் கடன் தராது. எங்களுக்கு பழைய கம்பெனியே பாலிசியை புது வீட்டுக்கு மாத்திக் கொடுத்ததால தப்பிச்சோம். நீங்க ரொக்கம் வாங்கறதா இருந்தா கையெழுத்துக்கு முன்னாடியே பாலிசியை மாத்தித் தருவோம்னு எழுதி வாங்கிடுங்க, இதை விட்டுட்டு மாட்டிக்கிட்டவங்களை எனக்குத் தெரியும்.

---

செங்கல்சிமெண்ட்
15 ஆகஸ்ட் 2012, இரவு 8:30

ராஜா சொல்றதுல நியாயம் இருக்கு, நான் மறுக்கல. ஆனா டிசி2ல ரொக்கம் வாங்கறதும் டிசி3ல வாங்கறதும் ஒண்ணு இல்ல. டிசி2ல அஸ்திவாரம் கிட்டத்தட்ட என்ன மாதிரின்னு முன்கூட்டியே தெரியும். டிசி3ல ஆழமான பைல் வேணுமா, மண்ணை எடுத்துட்டு ஜல்லி போட்டு இறுக்கணுமா, மேலோட்டமா ஒரு வகை போதுமான்னு துளை போட்ட பிறகுதான் தெரியும், ஒண்ணுக்கொண்ணு பல பத்தாயிரம் வித்தியாசம். அந்த ரிஸ்க்கை யாரு சுமக்கறதுங்கறதுதான் இந்த லெட்டரே. கையெழுத்து போட்டா அது மண்வாசனை சார் தலைல, போடலன்னா கம்பெனி தலைல.

நேரம் ஜாஸ்தியாகுங்கறீங்களே, அது உண்மை. அதனாலதான் முதல்ல லெவல் மட்டும் எடுக்கச் சொல்றேன், அது ஒரு மாசமெல்லாம் ஆகாது, ஒரு காலை வேளைல முடியற வேலை. அந்த நம்பர் 60, 70ன்னு வந்தா ஒரு பேச்சு, 120ன்னு வந்தா வேற பேச்சு.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். ஃபுல் அண்ட் ஃபைனல்ல ஈக்யூசியோட நிலச் சேதக் கிளெய்மையும் சேர்த்து விட்டுக் கொடுக்கற மாதிரி வாசகம் எதுவும் இருக்கான்னு பாருங்க. ஈக்யூசில வீட்டுக்கு ஒரு கணக்கு, நிலத்துக்கு தனிக் கணக்கு. வீட்டுக்கு அடியிலயும் சுத்தி எட்டு மீட்டருக்குள்ளயும் உள்ள நிலத்துக்கு கவர் இருக்கு. உங்க டிரைவ்வேல சேறு பொங்கினதா சொன்னீங்க, அந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கும். அதுக்கு இந்த லெட்டர்ல வேலை இல்ல.

பாலிசில "புதுசா இருந்தப்ப இருந்த நிலைக்கு"ங்கற அர்த்தத்துல ஒரு வரி இருக்கும், அதை அடிக்கோடு போட்டு வைங்க. தூக்கி ஜாக் வச்சு இடையில கட்டை செருகி லெவல் காட்டறதும் அந்த நிலைக்குக் கொண்டு வர்றதும் ஒண்ணா இல்லையான்னுதான் கடைசில எல்லா சண்டையும் வந்து நிக்கும். நான் அடியில தவழ்ந்து பார்த்த சில வீடுகள்ல பைலுக்கு மேல நாலு துண்டுக் கட்டையை அடுக்கி ஒரு ஆணிகூட அடிக்காம விட்டிருந்தாங்க. மேல புது கார்ப்பெட், புது பெயின்ட், வீட்டுக்காரங்க சந்தோஷமா டீ போட்டுக் கொடுத்தாங்க. வெளில வந்து அவங்ககிட்ட அதைச் சொல்ற நிமிஷம் இருக்கே, அது யாருக்கும் வர வேண்டாம்.

---

தென்றல்_வெலி
15 ஆகஸ்ட் 2012, இரவு 10:10

வெலிங்டன்லேருந்து எழுதறேன். எனக்கு அறிவுரை சொல்ற தகுதி இல்ல, ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். இங்க தினமும் காலைல பஸ்ல மார்னிங் ரிப்போர்ட் கேட்டுட்டுதான் ஆபீஸ் போறேன், கிரைஸ்ட்சர்ச் செய்தி வந்தா "இன்னுமா முடியல"ன்னு மனசுக்குள்ள ஒரு சலிப்பு வந்தது நிஜம். இந்தப் பக்கத்தைப் படிச்சதுக்கு அப்புறம் வெக்கமா இருக்கு. முடியாததாலதான் ரேடியோல வருதுன்னு இப்பதான் உறைக்குது. நாங்களும் பூகம்பக் கோட்டு மேலதான் உக்காந்திருக்கோம், என் பாலிசியை இன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா முழுசா படிச்சேன். அண்ணா, உங்க பசங்களுக்கு செப்டம்பர் லீவுல ஒரு வாரம் இங்க வந்து இருக்கலாம்னா எங்க வீட்ல ரூம் இருக்கு, மெசேஜ் பண்ணுங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

---

மண்வாசனை77
19 ஆகஸ்ட் 2012, இரவு 9:20

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நாலு நாள் பதில் எழுதாம இருந்ததுக்குக் காரணம் இருக்கு.

புதன்கிழமை ராத்திரி இந்தப் பக்கத்தை மனைவிகிட்ட படிக்கக் கொடுத்தேன். வன்னிமகள் தங்கச்சி எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசல, அப்புறம் "நான் காசு கேக்கல, முடிவுதான் கேக்கறேன், இது அந்தப் பொண்ணுக்குப் புரியுது, உங்களுக்குப் புரியல"ன்னா. உண்மைதான். ரெண்டு வருஷமா நான் அவகிட்ட "பார்க்கலாம், பொறு"ன்னு மட்டும்தான் சொல்லிட்டிருந்திருக்கேன். உக்காந்து காலண்டரை எடுத்து நவம்பர் 30ன்னு வட்டம் போட்டோம். அதுவரைக்கும் சிமெண்ட் சார் சொன்ன வழி, அன்னிக்கு என்ன கையில இருக்கோ அதை வச்சு முடிவு. அவளும் ஒத்துக்கிட்டா.

கம்பெனிக்கு ஈமெயில் போட்டேன், கெடு எந்த ஷரத்துப்படின்னு. வெள்ளிக்கிழமை பதில் வந்துச்சு, கெடு எதுவும் இல்லை, சீக்கிரம் முடிக்கறதுக்காக சொன்னதுதான்னு. இதுக்கா நான் மூணு வாரம் தூக்கம் இல்லாம இருந்தேன்னு இருந்துச்சு. பங்குப் பட்டியலும் லெவல் சர்வே காப்பியும் கேட்டிருக்கேன், அதுக்கு இன்னும் பதில் இல்ல. ராஜா தம்பி சொன்ன பாலிசி மாத்தற விஷயத்தையும் அதுலயே சேர்த்துக் கேட்டுட்டேன்.

நேத்து சனிக்கிழமை காலைல ஒருத்தரை வரவழைச்சு லெவல் எடுத்தோம். தண்ணி ஓடற டியூப் மாதிரி ஒண்ணு, கைல ஒரு சின்ன பெட்டி, அறை அறையா வச்சு நம்பர் சொல்லச் சொல்ல என் பையன் நோட்டுல எழுதினான். கோலிகுண்டு போய் நிக்கற அந்த மூலைல வச்சுட்டு அவரு ரெண்டு தடவை பார்த்தாரு. முன் படுக்கையறைக்கும் அந்த மூலைக்கும் 118 மில்லிமீட்டர். பையன் "அப்பா, அப்ப கோலி சரியாத்தான் சொல்லியிருக்கு"ன்னான்.

அவரு அடியிலயும் டார்ச் அடிச்சுப் பார்த்தாரு. ரிங் ஃபவுண்டேஷன்ல நாலு இடத்துல கை விடற அளவுக்கு விரிசல், முதல் அசெஸர் குனிஞ்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். எல்லாத்தையும் அளவுகோல் வச்சு போட்டோ எடுத்துட்டேன். 2010 அக்டோபர்ல சின்னவன் பிறந்தநாளுக்கு எடுத்த போட்டோல பின்னாடி அந்த ரிங் ஃபவுண்டேஷன் சுவர் தெரியுது, அதுல விரிசல் இல்ல. சிமெண்ட் சார், இது பங்கு பிரிக்கிறதுல உதவுமா?

---

செங்கல்சிமெண்ட்
19 ஆகஸ்ட் 2012, இரவு 10:45

உதவும் சார், நல்லாவே உதவும். செப்டம்பர் ஆட்டத்துக்கு அப்புறமும் சுவர் முழுசா இருந்துச்சுன்னு அது காட்டுது. ஒரிஜினல் ஃபைலை அப்படியே வைங்க, கிராப் பண்ணாதீங்க, தேதி அதுக்குள்ளதான் இருக்கும். ரெண்டு காப்பி வேற இடத்துலயும் வைங்க.

118ங்கறது சாதாரண நம்பர் இல்ல. லெவல் எடுத்தவர்கிட்ட பிளான்ல நம்பர் போட்டு கையெழுத்தோட வாங்கிட்டீங்களா? வாங்கலன்னா நாளைக்கே கேளுங்க. அடுத்து ஒரு சார்ட்டர்டு எஞ்சினியர் வேணும், கம்யூனிட்டி லாங்கற சட்ட உதவி மையத்துலயும் ஒரு தடவை லெட்டரைக் காட்டிடுங்க, அங்க இலவசம். கம்பெனி இழுத்தடிச்சா இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன்கிட்ட (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிறவர்) போற வழியும் இருக்கு, அதுக்கும் காசு இல்ல, ஆனா முதல்ல கம்பெனியோட உள் புகார் முறையை முடிச்சிருக்கணும்.

அந்த கிச்சன் மூலைல பெரிய ஃப்ரிட்ஜ் எதுவும் இருந்தா கொஞ்சம் தள்ளி வைங்க. அடுத்த வாரம் எனக்கு ரிச்மண்ட் பக்கம்தான் வேலை, வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு மேல வந்து அடியில ஒரு தடவை தவழ்ந்து பார்க்கறேன், ரிப்போர்ட்டா தர முடியாது, கண்ணால பார்த்ததைச் சொல்றேன்.

---

மண்வாசனை77
19 ஆகஸ்ட் 2012, இரவு 11:02

வாங்க சார். சாப்பாடு எங்க வீட்லதான். தென்றல், லீவுக்கு பசங்க வர்றாங்களாம், அம்மாகிட்ட பர்மிஷன் வாங்கிட்டாங்க, சின்னவன் இப்பவே பையை எடுத்து வச்சுட்டான். மெசேஜ் பண்றேன்.